கிழித்தெடுத்த டிசம்பர்

டிசம்பர் மாதத்தை நவம்பர் கடைசியிலேயே கிழித்து முடித்துவிட்டேன். மளிகைக்கடையில் புது வருடத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் தினசரி காலண்டர்தான்; மேலே முருகன், கீழே கடையின் பெயர், நடுவில் நாளுக்கு ஒரு தாள். நாளைய தாளை இன்றே கிழிப்பது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமையைச் சீக்கிரம் வரவழைப்பதற்காக ஒரே நாளில் இரண்டு தாளைக் கிழித்து அப்பாவிடம் காது திருகல் வாங்கியிருக்கிறேன். அப்படி வளர்ந்தவன் நாற்பத்திரண்டு வயதில், ஒன்றாம் தேதியிலிருந்து இருபத்துநாலு வரை ஒரே மூச்சில் உருவினேன். நவம்பர் முப்பதையும் கிழித்த பிறகு சுவரில் நின்றது சிவப்பு மையில் இருபத்தைந்து. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் தினமும் கிறிஸ்துமஸ். உண்மையான தேதி வேண்டுமென்றால் போனைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் என் மனைவிக்காகத்தான். அவள் நர்ஸ். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம் அவளுடையது. என்னுடையது விழுப்புரம் பக்கத்தில், செருப்பு வாங்கக்கூட ராகு காலம் பார்க்கும் குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு வந்த இரண்டு தரப்பும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் கிளம்பிப் போனது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. முதலில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது கேட்பதையும் விட்டுவிட்டார்கள். கேட்டுத் தொலைத்தால்கூடத் தேவலை என்று சில நாள் தோன்றும்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் அவளுக்கு ஒரு மெயில் வந்தது. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை உறுதி, ஜனவரி நடுவில் புறப்பட வேண்டும், இரண்டு வருட ஒப்பந்தம். மூன்று வருடமாகப் பரீட்சை எழுதி, பேப்பர்களை அனுப்பி, திரும்பி வந்ததை மறுபடி அனுப்பி, அவள் காத்திருந்த மெயில் அது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கல்யாணம், மாமியாருக்கு உடம்பு, கொரோனா என்று ஒவ்வொரு முறையும் இவளுக்குத் தள்ளிப்போனது. இனி நாற்பதைத் தாண்டினால் கஷ்டம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். மெயிலை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் போனை நீட்டினாள்.

"என்ன செய்யலாம்?"

"உன் இஷ்டம்" என்றேன்.

இந்த 'உன் இஷ்டம்' என் வாயில் ஊறிப்போன ஒன்று. சாம்பாரா ரசமா என்றாலும் அதுதான், அயர்லாந்து என்றாலும் அதுதான். பெருந்தன்மை என்று நானே எனக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் அவள் மட்டும் போவது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. அந்தப் 'பிறகு' என்னவென்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் அந்த ஹாஸ்டல் கதையைச் சொன்னாள். ஏழாவது படிக்கும்போது கன்னியாஸ்திரீகள் நடத்திய ஹாஸ்டலில் இருந்தாளாம். ஒரு சிஸ்டருக்கு ஜெர்மனியிலிருந்து யாரோ ஒரு அட்டை அனுப்பியிருந்தார்கள். பனி மூடிய ஊர்ப் படம். அதில் ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரை எண் போட்ட சின்னச் சின்னக் கதவுகள். டிசம்பர் ஒன்றிலிருந்து நாளுக்கு ஒரு கதவாகத் திறந்தால் உள்ளே ஒரு சாக்லேட். கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் நாட்களை அப்படி எண்ணுவது அந்த நாட்டு வழக்கம். ஹாஸ்டலில் பிள்ளைகள் நாற்பது பேர். சிஸ்டர் அட்டெண்டன்ஸ் வரிசைப்படி தினம் ஒருத்தியைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார்.

"எனக்கு முப்பத்தொண்ணாம் நம்பராக்கும்" என்று சிரித்தாள். "அடுத்த வருசம் இருபத்தஞ்சுல இருந்து ஆரம்பிப்போம்னு சிஸ்டர் சொன்னாங்க. அடுத்த வருசம் அட்டையே வரல."

இப்போதாவது முறை வந்ததே என்று அவள் சொல்லவில்லை. மெயிலை மூன்றாவது முறை படித்தாள். நான் எழுந்துபோய் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினேன்.

நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோமே தவிர சேர்ந்து இருந்தோம் என்று சொல்ல முடியாது. அவளுக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு வாரம் மாறும். எனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மதியம் இரண்டுக்குக் காதில் ஹெட்போனை மாட்டினால் அமெரிக்காக்காரன் விடும்வரை கழற்ற முடியாது. அவளுடைய ரோஸ்டர் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் இன்றைக்கு எத்தனை மணிக்கு அவள் முகத்தைப் பார்ப்பேன் என்று தெரிந்துகொள்வேன். அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த மூன்றாவது மாடி வீடு, நல்ல காற்று, வாங்கும்போது எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டோம். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆள் உட்கார்ந்திருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நவம்பர் கடைசியில், அவள் டியூட்டிக்குப் போயிருந்த நான்கு மத்தியானங்களில் அந்த ஹாஸ்டல் அட்டை மாதிரி ஒன்றைச் செய்தேன். கடையில் விற்கிறதாம், ஆன்லைனில் அழகான பெட்டியே கிடைக்கிறதாம். எனக்கு என்னவோ அது பிடிக்கவில்லை. கையால் செய்ய வேண்டும் என்று ஒரு வீம்பு. வேறு தாள் எதுவும் கைக்குக் கிடைக்காததால் சுவரிலிருந்த டிசம்பரை உருவினேன். தேதி ஏற்கெனவே அச்சடித்திருக்கிறது, தனியாக எண் எழுத வேண்டியதில்லை. கோயிலில் திருநீற்றை மடித்துக் கொடுப்பார்களே, அப்படி ஒவ்வொரு தாளையும் தேதி வெளியே தெரிகிற மாதிரிப் பொட்டலமாக மடித்தேன். முதல் ஐந்து கோணல்மாணலாக வந்தன. பிறகு கை பழகிவிட்டது.

விதி ஒன்றுதான். எதை வைத்தாலும் இரண்டு வைக்க வேண்டும்; அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அப்போதுதான் இரண்டு பேரும் இருக்கும் நேரத்தில் பிரிக்க முடியும். இரண்டு கமர்கட், இரண்டு தேன் மிட்டாய், இரண்டு இஞ்சி மரப்பா. ஒன்றில் அவளுக்கு ஹேர்பின்னும் எனக்குச் சட்டைப் பட்டனும். ஒன்றில் 'இன்றைக்கு ஏரிக்கரையில் நடை' என்று ஒரு சீட்டு. இருபத்து மூன்று பொட்டலம்வரை ஒரு பிள்ளைச் சந்தோஷம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த நாலு நாளும் வீட்டில் தனியாக இருக்கிறோம் என்பதே மறந்துபோயிருந்தது.

இருபத்துநாலாவதில் ஒரு சீட்டை மட்டும் வைத்தேன். மூன்று தாள் எழுதிக் கிழித்த பிறகு நாலாவதில் ஒரே ஒரு சொல் எழுதினேன். 'போகாதே.'

இப்போது யோசித்தால் மற்ற இருபத்து மூன்றும் இந்த ஒன்றைச் சுற்றிக் கட்டியதுதான். வாயால் சொல்ல வக்கில்லாதவன் மிட்டாயில் மடித்துச் சொல்லப் பார்த்தேன். இருபத்துநாலு நாள் சேர்ந்து பொட்டலம் பிரித்த பிறகு அந்தச் சொல்லைப் பார்த்தால் அவள் மனசு மாறும் என்று ஒரு கணக்கு.

பால்கனிக் கதவுக்கு உள்பக்கம் கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் இருபத்துநாலையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். மறுநாள் காலை வீட்டு வேலைக்கு வரும் அக்கா துடைப்பத்தோடு அதன் கீழே நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது? எதுனா மந்திரிச்சிக் கட்டி வச்சிக்கினு கீறியா?"

"கிறிஸ்துமஸுக்கு" என்றேன்.

"கிறிஸ்மஸுக்கு ஸ்டாருதான் கட்டுவாங்கோ. இது பொட்டலமால்ல கீது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா ஃபாரின் போவுதுன்னு வாச்மேன் சொன்னாரு. அத்த நிப்பாட்டவா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க பெருக்குங்க."

"எனுக்கு இன்னா. போறவங்கள நிப்பாட்டறதுக்குன்னே திருவேற்காட்டாண்ட ஒரு ஆளு கீறாரு. அவரு கட்னா தெளிவா கட்டுவாரு, அதான் சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார் என்பதால் வந்த கோபம். அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒன்றாம் தேதி அவள் பார்த்ததும் முதலில் புரியவில்லை. பிறகு தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய், இருபத்துநாலில் வந்து நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. நான் அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல், "ஒரு நாளைக்கு ஒண்ணுதான், மொத்தமா பிரிக்கக் கூடாது" என்று ஹாஸ்டல் வார்டன் மாதிரிச் சொன்னேன்.

மிட்டாயைவிட அவளுக்குத் தாள்தான் பிடித்துப்போனது. தாளில் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன் போட்டிருக்கும்: வரவு, அலைச்சல், பொறுமை, தாமதம். பொட்டலத்தைப் பிரித்து நீவி வைத்துக்கொண்டு அதைச் சத்தமாகப் படிப்பாள்.

"நீங்க கன்னி. உங்களுக்குத் தாமதம். நான் இன்னைக்குச் சிம்மம் எடுத்துக்கறேன், வெற்றி."

"நேத்து மீனம்னே."

"எங்களுக்கு ராசியே கிடையாது. அதனால பன்னெண்டுல எது நல்லாருக்கோ அத எடுத்துக்கலாம். நீங்கதான் பொறந்த நாள்ல மாட்டிக்கிட்டீங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாளில் 'சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம்' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். அன்றைக்கு அந்தத் திசையில் பிரயாணம் ஆகாது, போய்த்தான் ஆக வேண்டுமென்றால் வெல்லத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று சொன்னேன். ஏர் டிக்கெட் போட்டிருந்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கும் மேற்கே சூலம் என்றேன், கொஞ்சம் ஆசையோடுதான்.

"அயர்லாந்து மேற்கதான? கால் கிலோ வெல்லம் வாங்கி வைங்க" என்றாள்.

ஐந்தாம் தேதிவாக்கில் மழை பிடித்துக்கொண்டது. வங்கக் கடலில் ஏதோ ஒரு சுழல், நாலு நாள் விடவில்லை. ஏரி ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஈரக்காற்றில் பொட்டலங்கள் நமத்து, கமர்கட் இளகித் தாளோடு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் எறும்பு. ஒன்பதாம் தேதிப் பொட்டலத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு கறுப்புக் கோடு போக்குவரத்தாக இருந்தது. எறும்புச் சாக்பீஸால் சுவரில் நீளக் கோடு இழுத்தேன். எறும்புகள் கோட்டைச் சுற்றிக்கொண்டு கயிற்றின் மறுமுனையிலிருந்து வந்தன. கடைசியில் மிச்சப் பொட்டலங்களை ஒரு டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். பால்கனியில் வெறும் கயிறும் கிளிப்பும் தொங்கின. தினமும் அன்றன்றைய பொட்டலத்தை மட்டும் எடுத்து மாட்டுவேன்.

அந்த வாரம் அவளுக்கு நைட் டியூட்டி. காலை எட்டரைக்கு ஸ்டாஃப் வேன் திருப்பத்தில் இறக்கிவிடும். பல் விளக்கிவிட்டு நான் தயாராக நிற்பேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவி, பொட்டலத்தைப் பிரித்து, என் பங்கை என் கையில் போட்டுவிட்டு, தன் பங்கை வாயில் போட்டுக்கொள்வாள். வார்டில் மாத்திரை கொடுக்கிற அதே வேகம். ஒருநாள் பதிலுக்கு ஆள் வராமல் அடுத்த ஷிஃப்டும் சேர்த்துப் பார்த்தாள்; மறுநாள் இரண்டு பொட்டலத்தைச் சேர்த்துப் பிரித்தாள். இஞ்சி மரப்பாவை வாயில் வைத்துக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போனாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் மரப்பாவைத் தின்றேன். பக்கத்தில் ஆள் இருக்கிறது, நாற்காலி இரண்டும் நிறைந்திருக்கிறது, ஆனால் அந்த வாரம் போல நான் ஒண்டியாக உணர்ந்ததில்லை.

ஏரிக்கரை நடை பதினாறாம் தேதி வந்தது. அன்றைக்கு அவளுக்கு ஆஃப், நானும் லீவு போட்டிருந்தேன். சீட்டைப் பார்த்துவிட்டு உற்சாகமாகத்தான் கிளம்பினாள். கரைமேல் ஏறியதும் அவளுடைய பழைய சிநேகிதி அயர்லாந்திலிருந்து கூப்பிட்டாள். குளிருக்கு என்ன வாங்குவது, புளி எத்தனை கிலோ விடுவார்கள், கறிவேப்பிலையைக் காயவைத்துக் கொண்டுவரலாமா, குக்கர் இங்கிருந்தா அங்கேயா என்று பேச்சு போனது. நான் பத்தடி முன்னால் நடந்தேன். தண்ணீரில் நாமக்கோழிகள் மிதந்தன. அவற்றை எண்ணிக்கொண்டே போனேன்; அறுபதுக்கு மேல் அவை இடம் மாறிக் கணக்கு தப்பியது. கரை முடிகிற இடத்தில் அவள் போனை வைத்துவிட்டு, "நல்ல நடை, இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன்.

அவள்மேல் குற்றமில்லை. ஒரு ஊரைவிட்டு இன்னொரு ஊருக்குப் போகிறவளுக்கு ஆயிரம் வேலை. எனக்குத்தான் ஒரே ஒரு வேலை இருந்தது, அதை இருபத்துநாலாம் தேதிக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

இருபதாம் தேதி காலையில் அவள் நாகர்கோவிலிலிருந்த அக்காவிடம் பேசிக்கொண்டே துணி மடித்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் அடுத்த அறையில் இருந்தேன்.

"ஒனக்கு வாய்ச்ச மாப்பிள்ளை மாதிரி யாருக்கு வாய்க்கும்" என்றார் அக்கா. "ஒரு தடை சொல்லலியே மனுசன். எங்க வீட்டு ஆளா இருந்தா வாசல்ல குறுக்கப் படுத்திருப்பாரு. என்னைத் தாண்டிட்டுப் போடின்னு சொல்லியிருப்பாரு."

"ம்" என்றாள் இவள்.

எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ். அன்று குளிக்கும்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூடவே இருபத்துநாலாம் தேதிப் பொட்டலமும் நினைவுக்கு வந்தது. அது பிரிந்தால் நானும் வாசலில் குறுக்கே படுக்கிற ஆளாகிவிடுவேன். இத்தனை நாள் சேர்த்த பெருந்தன்மை ஒரே சொல்லில் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டில் கிளம்புகிறவரை 'எங்கே' என்று கேட்க மாட்டார்கள். வாசல்படி தாண்டக் காலெடுத்தவரைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் போகிற காரியம் உருப்படாது. மறந்து கூப்பிட்டுவிட்டால் அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். குடையை மறந்து போகிறவர் பின்னால் குடையை எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் ஓடி வளர்ந்தவன் நான். அவள் அக்டோபரிலேயே காலெடுத்துவிட்டாள். இப்போது கூப்பிட்டால் அங்கே போய் அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிடுமோ என்ற பயம் நிஜமாகவே இருந்தது. சாக்குத்தான், ஆனால் நிஜமான சாக்கு.

பிரிட்ஜைத் திறந்து டப்பாவிலிருந்து இருபத்துநாலை எடுத்தேன். சீட்டை உருவி பர்ஸில், ஆதார் அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

காலிப் பொட்டலத்தில் எதையாவது வைக்க வேண்டுமே. மறுநாள் குமணன்சாவடிக்குப் போய் ஒரு பெரிய பெட்டி வாங்கினேன். நீல நிறம், நாலு சக்கரம், எந்தப் பக்கமும் உருளும். கடைக்காரர் அதைத் தலைகீழாகப் போட்டு மேலே ஏறி நின்று காட்டினார். பூட்டுக்கு இரண்டு குட்டிச் சாவி கொடுத்தார். இரண்டு! விதிக்குச் சரியாகப் பொருந்துகிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்து, சாவிகளை இருபத்துநாலில் மடித்து வைத்தேன்.

இருபத்துநாலாம் தேதி அவளுக்குக் காலை டியூட்டி. மூன்று மணிக்கு வந்தாள். குளித்து, சர்ச்சில் ராத்திரிப் பூசைக்குக் கட்ட வேண்டிய புடவையை எடுத்து வைத்துவிட்டு, பால்கனிக்கு வந்தாள். நானும் அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். கயிற்றில் ஒரே ஒரு பொட்டலம் இருந்தது. மற்ற நாட்களில் நின்றபடியே பிரிப்பவள் அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னையும் எதிரே உட்காரச் சொன்னாள். மடிமேல் வைத்து ஒவ்வொரு மடிப்பாக, கிழியாமல் பிரித்தாள்.

சாவிகள் இரண்டும் உள்ளங்கையில் விழுந்தன.

"இது எதுக்கு?"

இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி உள்ளே ஓடிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். நாலு சக்கரம், எவ்வளவு எடை வேண்டுமானாலும் தாங்கும், மேலே ஏறி நிற்கலாம் என்று கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். "ஒரு சாவி உன்கிட்ட, ஒண்ணு என்கிட்ட. அங்க தொலைஞ்சிட்டாலும் கவலையில்ல."

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். அதை லேசாக உதறினாள். உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவினாள்.

"வேற ஒண்ணும் இல்லியா?"

"ரெண்டு சாவிதான்."

கீழே யாரோ ஸ்டாருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசியில என்ன வச்சிருப்பீங்கன்னு ஒரு வாரமா நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். "வார்டுல நர்ஸ் பிள்ளைங்ககிட்டகூடச் சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்கு வாயில வராது, அதான் எழுதி வச்சிருப்பாருன்னு."

"என்ன எழுதி?"

"போகாதன்னு."

அந்த நேரத்தில் ஒருவன் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "எழுதியிருந்தா போகாம இருந்திருப்பியா?"

"போயிருப்பேன்" என்றாள் உடனே. "இதுக்கப்புறம் எனக்கு வராது. கட்டாயம் போயிருப்பேன். ஆனா ஒருத்தர் போகாதன்னு சொல்லி, சண்டை போட்டு, அழுது, அதுக்கப்புறம் போயிருப்பேன். எங்க அக்கா அத்தானப் பத்திச் சொன்னாளே, குறுக்கப் படுப்பாருன்னு, குறையாவா சொன்னா? பெருமையாக்கும் சொன்னா. நான் இப்ப டியூட்டிக்குப் போற மாதிரி போறேன்."

குரல் உயரவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், கத்துகிற வேகத்தில் உண்மையும் வந்து விழுந்திருக்கும். அவள் தாளை நாலாக மடித்து முழங்கால் மேல் வைத்து நீவினாள். அன்றைக்கு எந்த ராசியையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"இப்பகூடச் சொல்லலாம்" என்றாள்.

சீட்டு என் பின்பாக்கெட்டுப் பர்ஸில் இருந்தது. எடுத்து நீட்ட வேண்டியதுதான். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். நான் எழுதித்தான் வைத்திருந்தேன் என்று தெரிந்தாலே போதும், அவளுக்கு அந்த ஒரு சொல் கிடைத்துவிடும். ஆனால் அதை எடுத்தால் ஏன் எடுத்து ஒளித்தேன் என்றும் சொல்ல வேண்டும். ஊரார் மெச்சலுக்காக உனக்குச் சேர வேண்டியதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"டீ போடட்டுமா?" என்று கேட்டேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "போடுங்க" என்றாள்.

ஜனவரியில் அவள் போனாள். நல்ல ஊராம், நல்ல மனிதர்களாம். தினமும் கூப்பிடுகிறாள், என்ன சாப்பிட்டீங்க என்று கேட்கிறாள். அவள் போன பிறகு நான் தனியாகிவிட்டேன் என்று மாடிக்காரர்களும் சொந்தக்காரர்களும் உச்சுக் கொட்டுகிறார்கள், சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. நான் தனியானது அந்த டிசம்பர் சாயங்காலத்தில், அடுப்பு முன்னால் நின்று பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. இரண்டு டம்ளரை எடுத்து வைத்திருந்தேன். பன்னிரண்டு அடி தூரத்தில், பால்கனியில், அவள் இன்னும் எழுந்து போகாமல் எனக்காக உட்கார்ந்திருந்தாள்.